உச்சிவெயிலில் மூச்சு விடும் ஹைலக்ஸ்

பர்மாவில், பெகுவிலிருந்து ரங்கூனுக்கு ஏறக்குறைய ஐம்பது மைல். சித்திரை வெயிலில் உளுந்து மூட்டை ஏற்றிப் போனால் அதற்குள் என் வண்டி இரண்டு தடவை நின்றுவிடும். விடியற்காலையில் கிளம்பினால் ஒரு தொந்தரவும் இல்லை. பதினொரு மணிக்கு மேல், நெரிசலில் ஊர்ந்துவிட்டு வேகம் எடுக்கும்போதுதான் விக்கும்; பிறகு அடங்கிவிடும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் மரநிழலில் உட்கார்ந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

1980களின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்; 22ஆர் எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். மச்சான் பெட்ரோலைக் குறை சொன்னார். 92 ஆக்டேனுக்குப் பதில் 95 ஊற்றினேன், காசு கரைந்தது. ஆக்டேன் எண் எஞ்சின் தட்டுவதைத் தடுக்குமே தவிர, பெட்ரோல் கொதிப்பதைத் தடுக்காது என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு பட்டறையில் பம்பையே மாற்றினார்கள். மூன்றாம் நாள் அதே கதை.

அதன்பின் யாரையும் கேட்கவில்லை. இந்தக் கார்புரேட்டரில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. ஒழுங்காக ஓடும்போது பெட்ரோல் மட்டம் அதன் நடுவில் தெரியும். அடுத்த முறை வண்டி நின்றதும் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி காலி. அப்படியென்றால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் கேட்கும், காற்றை உள்ளே இழுக்கும் ‘உஸ்’ சத்தம் இல்லை. மூடியின் மேலும் பழி இல்லை.

இந்தப் பம்ப் எஞ்சின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, அடுப்பங்கரையில் வைத்த பால்குண்டான் மாதிரி. பின்னால் உள்ள டேங்கிலிருந்து உறிஞ்சுவதால் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் சீக்கிரமாக ஆவியாகிறது. பம்புக்கோ ஆவியைத் தள்ளத் தெரியாது. அதற்காகத்தான் அதில் மூன்று மூக்குகள்: ஒன்றில் பெட்ரோல் வரும், ஒன்றில் கார்புரேட்டருக்குப் போகும், மூன்றாவதில் மிச்சமும் ஆவியும் டேங்குக்கே திரும்பும். மூன்றாவதைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குல ரப்பர் குழாய்த் துண்டு. அதன் வாயில் துருப்பிடித்த ஒரு போல்ட், மேலே இறுக்கிய கிளிப். முன்பு வைத்திருந்தவர் யாரோ கசிவை நிறுத்த அடைத்திருக்க வேண்டும். பம்பை மாற்றியவர்களும் அந்தத் துண்டை அப்படியே எடுத்துப் புதுப் பம்பில் மாட்டியிருக்கிறார்கள்! கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கையை வைத்தேன். சூட்டில் பெட்ரோல் குழாயைக் கழற்றுவது தீயோடு விளையாடுவது. டேங்குக்குத் திரும்பும் இரும்புக் குழாயை ஊதிச் சுத்தம் செய்து, பெட்ரோலுக்கான ரப்பர் குழாயால் பம்போடு இணைத்தேன். டேங்க் பக்கத்து உறிஞ்சு குழாயை வளைத்தபோது மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. வெளியே சொட்டாது, ஆனால் உள்ளே காற்றை இழுக்கும். அதையும் மாற்றினேன். செலவு, வீணாய்ப்போன பம்பின் விலையில் கால்பங்குகூட இல்லை.

பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் முழுச் சுமையோடு நண்பகலில் ரங்கூன் போனேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டுக் கால்மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. அது வேறு நோய்: நிறுத்திய எஞ்சினின் சூட்டில் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி திருப்பினால் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டுக் கிளம்புகிறது. பக்கத்தில் உட்காரும் மச்சான் இன்னமும் பெட்ரோலைத்தான் திட்டுகிறார்.