வேற எதுவும் வரலையா?

“வேற எதுவும் வரலையா சார்?”

“இல்லைங்க. வந்தது இவ்வளவுதான்.”

ஏழு மாதமாக இந்த இரண்டு வரிகளைத்தான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா, கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னேனா என்பது வரைக்கும். கேபிளைச் சுருட்டிக்கொண்டேதான் சொன்னேன்.

அழிந்த ஃபைல்களை மீட்டுக் கொடுக்கும் வேலையில் 14 வருடம் ஆகிறது. “வரவில்லை” என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது கஷ்டமான வார்த்தைதான், ஆனாலும் பழகிவிட்டது. வந்ததை வரவில்லை என்று சொன்னது அந்த ஒரு முறை மட்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணின் அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று உறவுக்காரப் பையன் ஒருவன் நல்ல எண்ணத்தோடு ஃபார்மேட் செய்து, புது விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான். அப்பாவின் படங்கள், கணக்குகள், அவர் தட்டச்சு செய்து வைத்த குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. அந்தப் பெண் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். தெரிந்த உடனே கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூன்று வாரம் யாரையும் தொட விடவில்லை. “மீட்கும் மென்பொருள் ஒண்ணு இறக்கிப் பார்க்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க சார், நான்தான் விடலை” என்றார். விட்டிருந்தால், இறக்கிய அந்த மென்பொருளே அப்பாவின் ஃபைல்கள் மேல் போய் உட்கார்ந்திருக்கும். நிறையப் பேருக்கு ஃபைல்கள் நிரந்தரமாகப் போவது அழிந்த அன்றைக்கு இல்லை, தேட ஆரம்பித்த அன்றைக்குத்தான்.

500 ஜிபி பழைய ஹார்டு டிஸ்க், சுழலும் வகை. எழுத முடியாதபடி ரைட் பிளாக்கர் வழியாக இணைத்து, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தில் இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதுக்குமான நகல், எடுத்தேன். இனி வேலை எல்லாம் அந்த நகலில்தான். குவிக் ஃபார்மேட் என்பது ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் புது பொருளடக்கம் ஒட்டுவது மாதிரி. பக்கங்கள் அப்படியேதான் இருக்கும். புது விண்டோஸ் எழுதிய இருபது ஜிபி சொச்சம் மட்டும் போனது போனதுதான். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பழைய எம்எஃப்டி அட்டவணையின் முன்பகுதி மேல் புது அட்டவணை எழுதப்பட்டிருந்தது. பின்பகுதி தப்பியிருந்தது. அதில் பதிவாகியிருந்த ஃபைல்கள் பெயரோடும் ஃபோல்டரோடும் வந்தன. மற்றவற்றை ஃபைலின் தலைப்பு பைட்களை வைத்துத் தேடி எடுத்தேன். ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்றுதான் ஆரம்பிக்கும். அப்படி எடுத்தவற்றுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

இவ்வளவும் வழக்கமான வேலை. ஒரு வேர்டு ஃபைல் மட்டும் வழக்கமானதாக இல்லை.

அது ரீசைக்கிள் பின்னிலிருந்து வந்தது. நாம் ஒரு ஃபைலை டெலிட் செய்தால், விண்டோஸ் அதன் பெயரை மாற்றி அந்தக் குப்பைக்கூடை ஃபோல்டருக்குள் வைக்கிறது. கூடவே ஒரு சின்னத் துணை ஃபைலும் எழுதி வைக்கும். விண்டோஸ் 7-இல் அது வெறும் 544 பைட். எந்த ஃபோல்டரில் இருந்தது, என்ன பெயர், எந்த நாள் எந்த நொடியில் டெலிட் ஆனது என்ற விவரம் அதில் இருக்கும். அத்தனை சிறியது என்பதால் அட்டவணைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே பல சமயம் அசல் ஃபைல் போனாலும் இது மிஞ்சும். இந்தத் தடவை இரண்டுமே மிஞ்சியிருந்தன.

வீட்டு வரவு செலவுக் கணக்குகள் இருந்த ஃபோல்டரில், கணக்கு மாதிரியே பெயர் வைத்த ஃபைல். திறந்தேன். திறந்துதான் ஆகவேண்டும், மீண்ட ஃபைல் உடைந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கொடுக்க முடியாது. இரண்டு வரி பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது கணக்கு இல்லை, கடிதம். முதல் வரி மகளின் பெயர். வெளியே கூப்பிடும் பெயர் இல்லை, வீட்டில் கூப்பிடும் பெயர். மீட்டவற்றை வாங்க வந்த அன்று அவரைக் கூட்டிவந்த அத்தை அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார். கேட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அப்பா அதை எழுதியது இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு. வேர்டு ஃபைல் இன்னொன்றையும் தனக்குள் குறித்து வைத்திருக்கும்: மொத்தம் எத்தனை நிமிடம் திருத்தப்பட்டது என்று. அதில் 412 நிமிடம் என்று இருந்தது. இரண்டு பக்கக் கடிதத்துக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். கடைசியாகச் சேமித்த இரண்டாம் நாள் இரவு, டெலிட்.

என் கீழ் வேலை பழகுகிறவர்களுக்கு நான் முதல் நாளே ஒன்று சொல்வேன். வந்ததெல்லாம் கொடுத்துவிடு, பொறுக்காதே. நல்லது கெட்டது பார்ப்பது நம் வேலை கிடையாது. ஃபைல் திறக்கிறதா, அதோடு நிறுத்திக்கொள். இதை வெறும் விதியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறேன். இன்றும் நம்புகிறேன். நாம் ஒரு தடவை பொறுக்க ஆரம்பித்தால், வாடிக்கையாளர் வீட்டுக்குள் நாமே ஒரு ஆளாகிவிடுவோம்.

அப்படியிருந்தும் அந்த ஒன்றை எடுத்துத் தனியே வைத்தேன்.

அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் எளிமையானது. அந்த மனிதர் எழுதினார், யோசித்தார், வேண்டாம் என்று முடிவு செய்தார். கொடுக்காமலிருப்பது என்பதும் அவர் எடுத்த முடிவுதானே. செத்துப்போனதாலேயே அந்த முடிவு செல்லாதா? ஃபார்மேட்டில் போனவை யாரும் அழிக்க நினைக்காமல் போனவை, அவற்றை மீட்பது நியாயம். இதுவோ அவர் கையால் தள்ளியது. இரண்டும் எனக்கு ஒரே டிஸ்கில், ஒரே பட்டியலில், அடுத்தடுத்த வரியாக வந்தன என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா? மீட்கும் கருவிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தொலைந்தது, எறிந்தது எல்லாமே அதற்கு ஒன்றுதான். வித்தியாசம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் அங்கே இருந்தேன்.

எழுதிப் பார்த்தால் இப்போதும் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மேலே இரண்டு வரி பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். முதல் பக்கம் முழுவதும் படித்தேன்.

அதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது. கோபமான பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். பல வருடம் அடக்கி வைத்திருந்த கோபம். படித்தபோது, இரண்டு மாதமாக அழுது வீங்கிய கண்ணோடு வந்து நிற்கும் ஒரு பெண்ணின் கையில் இதை எப்படிக் கொடுப்பது என்றுதான் தோன்றியது. ஆக, அப்பாவின் முடிவை மதித்தேன் என்று சொல்வது பாதி உண்மை. கடிதம் அன்பாக இருந்திருந்தால், அவர் டெலிட் செய்திருந்தார் என்பதை நான் பொருட்படுத்தியிருப்பேனா? சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். ‘அப்பா உங்களுக்கு எழுதினது ஒண்ணு கிடைச்சிருக்கு’ என்று நானே பெருமையாகச் சொல்லியிருப்பேன். பொறுக்காதே என்று சொல்லித் தருகிற நான் பொறுக்கினேன், அதுவும் உள்ளடக்கத்தைப் பார்த்து.

இரண்டாம் பக்கத்தை நான் படிக்கவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு வெட்கம் வந்து மூடினேன். வெட்கம் வந்தது சரிதான், ஆனால் வந்த நேரம் சரியில்லை. முதல் பக்கத்துக் கோபம் இரண்டாம் பக்கத்தில் எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஏழு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறவர் வெறும் கோபத்துக்காகவா உட்கார்ந்திருப்பார்? மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். இன்னும் மோசமாகவும் முடித்திருக்கலாம். பாதிக் கடிதத்தைப் படித்துவிட்டு முழுக் கடிதத்துக்கும் தீர்ப்பு எழுதினேன்.

ஒப்படைத்த நாலாம் நாள், வேறு வேலைக்கு நடுவே அந்த இமேஜை மறுபடி ஏற்றினேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அட்டவணைப் பதிவு ஒவ்வொன்றிலும் ஒரு குறி இருக்கும். ஃபைல் உயிரோடு இருந்தால் ஒன்று, முழுதாக அழிந்திருந்தால் சுழியம். முதல் தடவை அதை நான் கவனிக்கவில்லை. ரீசைக்கிள் பின்னிலிருந்து வந்தது, டெலிட் ஆன ஃபைல், அவ்வளவுதான் என்று விட்டிருந்தேன். இப்போது பார்த்தேன். ஒன்று என்று இருந்தது.

அதாவது அவர் குப்பைக்கூடையைக் காலி செய்யவில்லை. கடிதத்தை அதில் போட்டார், அதோடு விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் ஃபார்மேட் ஆகும் நாள் வரை அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் இரண்டு கிளிக்கில் திரும்ப எடுத்திருக்கலாம். அவரோ, அவர் மகளோ.

பெரும்பாலானவர்கள் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதே இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும், வருடக்கணக்கான குப்பையோடு வரும் டிஸ்க்குகளைத் தினமும் பார்க்கிறேன். ஆகவே அதில் அர்த்தம் தேடக்கூடாது என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த மனிதர் ஒழுங்கானவர். கணக்கு ஃபோல்டர்களுக்கு மாதவாரியாகப் பெயர் வைத்தவர். அவருடைய குப்பைக்கூடையில் அந்த நான்கு மாதத்தில் வேறு எதுவும் இல்லை. அட்டவணையின் முன்பகுதி அழிந்ததில் மற்றவை போயிருக்கலாம், அதையும் சொல்லவேண்டும். என் கண்ணுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

இன்னொன்றும் நினைப்பேன். அந்தக் கம்ப்யூட்டரில் சுழலும் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கும் புது வகை, இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. எஸ்எஸ்டியை ஃபார்மேட் செய்தால், இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று விண்டோஸே டிரிம் கட்டளை அனுப்பிவிடும். அதற்குப் பிறகு படித்தால் பெரும்பாலும் வெறும் சுழியங்கள்தான் வரும். கடிதமும் போயிருக்கும், கூடவே அப்பாவின் படங்களும் போயிருக்கும். ‘வரவில்லை’ என்று உண்மையையே சொல்லியிருப்பேன், அவர் அழுதிருப்பார், நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இப்படி ஒரு நிம்மதிக்கு ஆசைப்படுகிறேன் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நண்பர் ஒருவரிடம் பெயர் விவரம் இல்லாமல் இதைச் சொன்னேன். “நீ கொடுத்திருந்தா அவங்க வாழ்நாள் முழுக்க அதையே படிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க, நல்லவேளை” என்றார். அவர் சொன்ன அன்று ஆறுதலாக இருந்தது. ஆனால் இப்போது அந்தக் கடிதத்தை மனதுக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருப்பது நான். அந்தப் பாரம் எனக்கு உரியதே இல்லை. அவர்கள் வீட்டுச் சண்டையில் அப்பா பக்கத்து வாதத்தை அறிந்த ஒரே ஆள், அந்த வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவன்.

ஒப்படைத்த 15 நாளில் எங்களிடம் இருக்கும் நகலை அழித்துவிடுவோம், வாடிக்கையாளரிடம் எழுத்தில் சொல்லியிருக்கும் விஷயம் அது. அழிப்பது என்றால் டெலிட் செய்வது இல்லை. டிஸ்க் முழுக்க ஒருமுறை சுழியங்களை எழுதுவது. இந்த வகை டிஸ்குக்கு அந்த ஒருமுறையே போதும், அதன் பிறகு எவராலும் எதையும் எடுக்க முடியாது. தனியே வைத்த ஃபைலும் அதே டிஸ்கில்தான் இருந்தது. 15-ஆம் நாள் நானே உட்கார்ந்து ஓட்டினேன். வேறு யாரையும் செய்யச் சொல்ல மனம் வரவில்லை.

அதற்கு முன்பு, 11-ஆம் நாள், அவர் போன் செய்தார். நம்பரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதோ என்று கை நடுங்கியது. எண்ணாக வந்த படங்களை எப்படித் தேதிவாரியாக அடுக்குவது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். படத்துக்குள்ளேயே எடுத்த தேதி இருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்தலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சின்ன வயதில் அப்பா எடுத்த படம் ஒன்று, எப்போதோ ஸ்கேன் செய்து வைத்தது, கிடைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். சொல்ல அதுதான் நேரம். நகல் என் மேஜையில்தான் இருந்தது. ‘மேடம், ஒரு விஷயம்’ என்று ஆரம்பித்தால் போதும். ஆரம்பிக்கவில்லை.

வைப்பதற்கு முன் அவர் கேட்டார். “அந்தப் பழைய டிஸ்க் திருப்பிக் கொடுத்தீங்களே சார், அதான் எல்லாம் புதுசுல வந்துடுச்சே. தூக்கிப் போட்டுடலாமா?”

“வேண்டாம் மேடம்” என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. “எதுலயும் மாட்டாம, பத்திரமா வெச்சிருங்க.”

“ஏன் சார், அதுல இன்னும் ஏதாவது இருக்கா?”

சுருட்ட அப்போது கையில் கேபிள் எதுவும் இல்லை.

“அப்பாவோடதுதானே. இருக்கட்டுமே” என்றேன்.

“சரி சார். அவர் மேஜை டிராயர்லயே வெச்சிடுறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.