வலிப்புன்னு நினைச்சு விட்டுடாதீங்க

வெண்ணாத்துப் படித்துறையில பசங்க குதிச்சுக்கிட்டிருக்க, ஒரு பையன் மட்டும் மேல்படியில உட்கார்ந்திருந்தான்.

"லாங் க்யூடின்னு சொல்லிட்டாங்கண்ணே, தண்ணியில இறக்கக்கூடாதாம்" என்றார் அவன் அம்மா.

சரியாத்தான் செஞ்சிருக்காங்க. லாங் க்யூடிங்கிறது இதயத்தோட மின்னோட்டத்துல வர்ற கோளாறு; திடீர்னு துடிப்பு தாறுமாறாகி ஆள் மயங்கி விழலாம். இதுல முதல் வகைக்கு நீச்சலும் ஓட்டமும்தான் தூண்டுதல். இரண்டாம் வகைக்குத் திடீர்னு அடிக்கிற அலாரமே போதும்.

இதயத்தோட அமைப்பு நல்லாவே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு அதோட மின்னோட்டம் பழைய நிலைக்கு வர வழக்கத்தைவிட அதிக நேரமெடுக்கும். ஈசிஜியில தெரியுற அந்த இடைவெளிக்குத்தான் க்யூடின்னு பேர். அதனால இதய ஸ்கேனான எக்கோவுல பிடிபடாது, ஈசிஜி வேணும். விழுந்து கைகால் வெட்டினா வலிப்புன்னு எண்ணி அதுக்கே மருந்து கொடுக்கிறதும் நடக்குது.

டாக்டர் எழுதிக் கொடுத்த, துடிப்பு தாறுமாறாகாம தடுக்கிற ப்ரோப்ரனலால் மாதிரி மாத்திரையைத் தினமும் நேரம் தவறாம கொடுக்கணும். நாமளா நிறுத்தவே கூடாது. காய்ச்சல்ல சாப்பிடாம கிடந்தா இந்த மாத்திரையால ரத்தத்துல சர்க்கரை இறங்கலாம், உடனே டாக்டரைக் கேளுங்க.

எனக்குப் பெரிய பயம் மருந்துக்கடைதான். வாந்திக்கு டோம்பெரிடோன், ஒன்டன்செட்ரான், சளிக்கு அசித்ரோமைசின்னு கேட்காமலே எடுத்துக் கொடுப்பாங்க. மூணுமே க்யூடியை இன்னும் நீட்டும். நோய்ப் பெயரை எழுதின சீட்டு எப்பவும் பையில இருக்கட்டும். வயிற்றுப்போக்குல பொட்டாசியம் குறைஞ்சாலும் ஆபத்து. ஓஆர்எஸ் கொடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

பிள்ளை விழுந்து மூச்சில்லைன்னா கையில சாவி கொடுத்து நேரத்தைப் போக்காதீங்க. ஒருத்தர் 108-ஐக் கூப்பிடட்டும். இன்னொருத்தர் நெஞ்சு நடுவுல சுமார் 5 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 தடவை அழுத்தணும். டீச்சருக்கும் வேன் டிரைவருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

கூடப்பிறந்தவங்க, அப்பா, அம்மா எல்லாரும் ஈசிஜி எடுத்துடுங்க. இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது.