பெடல் மிதிப்பும் அப்பத்தாவும்

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து அப்பத்தா, "ஏப்பா, இப்படித் தூக்கிப் போடுறே?" என்பார்கள். வேகத்தடை தாண்டி லேசாக மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் சட்டென்று பாயும். பழைய வண்டி, ஆக்சிலரேட்டர் இன்னும் கேபிள்தான்.

நேற்று மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து கேபிளை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார், தொளதொளவென்று தொங்கியது. நட்டைத் திருகித் தளர்ச்சியைக் குறைத்தார், ஆனால் துளி லூஸ் விட்டுத்தான், முழுக்க இழுத்துக் கட்டினால் காலை எடுத்தாலும் த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வு, சரியாக மூடாது, ஐடில் (மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறிவிடும். அந்த வால்வு ஓரத்தில் ஒட்டியிருந்த கரியையும் துடைத்துவிட்டார். இப்போது மிதிக்கிற அளவுக்குத்தான் வண்டி நகர்கிறது, அவ்வளவு சந்தோஷம்!

புது வண்டிகளில் பெரும்பாலும் கேபிளே கிடையாது. பெடலில் ஸ்பிரிங்கும் சென்சாரும்தான், ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்கிறபடி மோட்டார் த்ராட்டிலைத் திறக்கும். லேசாக மிதித்தாலே வண்டி பாயும்படி பெடல் பூஸ்டர் என்று விற்பது அந்த சென்சார் சிக்னலை மாற்றுவதோடு சரி, இன்ஜின் பவர் கூடாது. நம் ஊர்த் தெருக்களில் பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் தொட்டதும் பாய்கிற பெடல் வேண்டவே வேண்டாம் என்பேன்.

இன்று திரும்பும்போது குன்றக்குடி வருவதற்குள் அப்பத்தா தூங்கிவிட்டார்கள்.