துறைக் கந்தோர் மெயிலைத் தண்டர்பேர்டில் ஏற்றும்போது

துறைத்தலைவர் பதவி மூன்று வருடம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கணக்கு அது. துறையின் மெயில் முகவரிக்கு அந்தக் கணக்கு இல்லை, துறை இருக்குமட்டும் இருக்கும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ துறைக் கந்தோர்க் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளை ஏற்ற உட்காருகிறவர் இந்த வித்தியாசத்தை மனதில் போட்டுக்கொண்டால், கீழே வரப்போகும் தெரிவுகளில் பாதி தானாக முடிந்துவிடும். இன்றைக்குக் கதிரையில் இருப்பவரின் வசதியை மட்டும் பார்த்து ஏற்றினால், அடுத்தவர் வரும்போது பழைய கடிதமெல்லாம் யாருடைய லெப்டொப்போடு போனதென்று தேட வேண்டி வரும்.

சேர்வரிலிருந்து கடிதத்தை எடுக்க ஐமேப், பொப் என்று இரண்டு வழி. ஆகவே ஐமேப். பொப் வேண்டவே வேண்டாம். ஐமேப்பில் கடிதம் சேர்வரில் இருக்கும், கணினியில் இருப்பது அதன் பிரதி. பொப் கடிதத்தைக் கணினிக்கு இறக்கிவிட்டு, சொல்லிவைத்தபடி சேர்வரில் இருப்பதை அழித்துவிடும். தண்டர்பேர்டில் பொப் கணக்குக்கு ‘சேர்வரில் விட்டுவை’ என்ற தெரிவு இருக்கிறது, பக்கத்தில் ‘14 நாள் மட்டும்’ என்று ஒரு பெட்டியும் இருக்கிறது. சிக்கல் அந்தப் பெட்டியில்தான். “மிஸ், போன மாசக் கடிதம் ஒண்டையும் காணல்ல” என்று கந்தோரில் குரல் வந்தால், இன்பொக்ஸில் ஆகப் பழைய கடிதத்தின் திகதியைப் பாருங்கள். நாளைக்குப் பார்க்கும்போது அந்தத் திகதியும் ஒரு நாள் முன்னுக்கு நகர்ந்திருந்தால் கள்ளன் அகப்பட்டான். எங்கேயோ ஒரு பழைய கணினியோ போனோ பொப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐமேப் கணக்கை எத்தனை தடவை அழித்து ஏற்றினாலும் அது தீராது; அந்தக் கணினியைத் தேடிப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஏற்ற முதல் கணினிப் பிரிவிடம் நான்கு விடயங்களை எழுத்தில் வாங்குங்கள்: உள்வரும் சேர்வரின் பெயர், வெளிச்செல்லும் சேர்வரின் பெயர், யூசர்நேம் முழு மெயில் முகவரியா அல்லது அட் குறிக்கு முந்திய பகுதி மட்டுமா, எந்த வகையில் உள்நுழைவது. மூன்றாவதில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். யூசர்நேம் பிழையாக இருக்கும்போதும் தண்டர்பேர்ட் பாஸ்வேர்டைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கும். நீங்களும் பாஸ்வேர்டைத்தான் திருப்பித் திருப்பி அடிப்பீர்கள். சேர்வரில் ஃபெயில்2பான் என்ற காவல் மென்பொருள் போட்டிருந்தால், அதன் இயல்பான கணக்குப்படி பத்து நிமிடத்துக்குள் ஐந்து பிழை விழுந்தால் அந்த ஐபி முகவரிக்கே பத்து நிமிடம் கதவடைப்பு. பல கந்தோர்களில் ஒரு மாடி முழுக்க ஒரே ஐபியில் வெளியே போவதால், பக்கத்து அறையில் இருப்பவருக்கும் மெயில் நின்றுவிடும். அவர் வந்து உங்களிடம்தான் கேட்பார். சோதித்துப் பார்க்க ஒரு லேசான வழி: போனின் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுங்கள். அங்கே சேர்வர் கிடைத்து, கந்தோர் வைஃபையில் கிடைக்காவிட்டால் பூட்டு விழுந்திருக்கிறது. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

பெயர், முகவரி, பாஸ்வேர்ட் கொடுத்ததும் தண்டர்பேர்ட் தானாகவே அமைப்புகளைத் தேடும். கண்டுபிடித்ததாகச் சொன்னாலும் அது சில வேளை ஊகம்தான். ‘கன்ஃபிகர் மேனுவலி’யை அமத்தி, தாளில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். வழமையாக வர வேண்டியது இதுதான் (போர்ட் என்பது சேர்வரின் வாசல் எண், எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்ஸும் ஸ்டார்ட்-டிஎல்எஸ்ஸும் இணைப்பைக் குறியாக்கும் முறைகள்): உள்வருவதற்கு ஐமேப், போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். வெளிச்செல்வதற்கு போர்ட் 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். போர்ட் 25 சேர்வரும் சேர்வரும் தங்களுக்குள் பேசுவதற்கு. கந்தோருக்குள் அது வேலை செய்தாலும், வீட்டு இணைப்பில் பல இடங்களில் மறித்திருப்பார்கள்.

587, 465 சோடிகளை மாற்றிப் போட்டால் வரும் கோளாறு இரண்டு விதம், பார்த்தவுடன் இனங்காணலாம். 465இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ் போட்டால் ‘சென்டிங்’ என்று நீலப் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்று நிற்கும். சேர்வர் முதலில் குறியாக்கக் கைகுலுக்கலை எதிர்பார்க்கிறது, தண்டர்பேர்ட் முதலில் சேர்வரின் வணக்கத்தை எதிர்பார்க்கிறது. நீ முதல் பேசு என்று இரண்டும் வாசலில் நின்றுகொண்டிருக்கின்றன. மறுபுறம் 587இல் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் போட்டால் உடனே பிழை விழும், ஏனென்றால் குறியாக்கம் வர வேண்டிய இடத்தில் வெறும் எழுத்து வருகிறது. காத்திருந்து நின்றால் ஒன்று, உடனே விழுந்தால் மற்றது.

உள்நுழைவு வகையில் ‘நோர்மல் பாஸ்வேர்ட்’ என்பதைக் கண்டு பயந்து ‘என்கிரிப்டெட் பாஸ்வேர்ட்’டைத் தெரிகிறவர்கள் உண்டு. இணைப்பே குறியாக்கத்துக்குள் போவதால் நோர்மல் போதும். மற்றதற்கு சேர்வர் பாஸ்வேர்டை மூல வடிவிலோ அதற்கு ஈடான வடிவிலோ வைத்திருக்க வேண்டும். ஒழுங்காக நடத்தப்படும் சேர்வர் அப்படி வைத்திருக்காது, ஆகவே தோற்கும். பல்கலைக்கழக மெயில் கூகுளிலோ மைக்ரோசொஃப்டிலோ இருந்தால் கதை வேறு. மைக்ரோசொஃப்ட் 2022 ஒக்டோபரிலிருந்தும், கூகுள் வேர்க்ஸ்பேஸ் 2025 மே மாதத்திலிருந்தும் ஐமேப்புக்கு வெறும் கணக்குப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. உள்நுழைவு வகையில் ‘ஓஓத்2’ஐத் தெரிந்தால் அவர்களுடைய உள்நுழைவு யன்னல் ஒன்று திறக்கும். அது வெறுமையாக நின்றால் தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் குக்கீஸ் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐமேப்பைக் கணினிப் பிரிவு தன் பக்கத்தில் மூடிவைத்திருக்கவும் கூடும். அதை உங்கள் மேசையிலிருந்து திறக்க முடியாது.

அடுத்தது சான்றிதழ் எச்சரிக்கை. சான்றிதழ் என்பது சேர்வர் தான் யாரென்று காட்டும் அடையாள அட்டை. ‘அட் செக்யூரிட்டி எக்செப்ஷன்’ என்று ஒரு பெட்டி வரும், கந்தோரில் எல்லாரும் அதை ஓமென்று அமத்தப் பழகிவிட்டார்கள். அமத்த முதல் கணினித் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். கரண்ட் போய் வந்த காலையில், பழைய கணினியில் திகதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் நிற்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி, அந்தச் சில்லறைக் காசு அளவான 3 வோல்ட் பற்றரி, செத்துப்போனதால் வந்தது. கணினியின் கண்ணுக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் செல்லாது என்கிறது. பற்றரியை மாற்றித் திகதியைச் சரி பண்ணினால் மெயிலும் வரும், பல இணையத்தளங்களும் திறக்கும். வாடைக் காற்று மழை மாதங்களில் கரண்ட் அடிக்கடி போவதால் இந்தக் கோளாறு அப்போதுதான் வரிசையாகத் தலைகாட்டும். திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், சான்றிதழ் காலாவதியா, பெயர் பொருந்தவில்லையா, சேர்வர் தனக்குத் தானே ஒப்பமிட்டதா என்று அந்தப் பெட்டியிலேயே இருக்கும். தானே ஒப்பமிட்டதென்றால், கணினிப் பிரிவுக்குப் போன் எடுத்துச் சான்றிதழின் கைரேகை எண்ணை (ஃபிங்கர்பிரிண்ட்) வாசித்து ஒத்துப்பார்த்த பிறகு விதிவிலக்குக் கொடுங்கள். சேர்வர் மிகப் பழையதென்றால் எச்சரிக்கை கூட வராமல் இணைப்பே தோற்கலாம். 2020இல் வந்த தண்டர்பேர்ட் 78இலிருந்து டிஎல்எஸ் 1.2க்குக் கீழே உள்ளதை அது இயல்பாக ஏற்பதில்லை. திருத்த வேண்டியது சேர்வரை.

ஒரு துறை மெயிலை மூன்று கணினியில் ஏற்றியதும் தலைகாட்டும் வில்லங்கம் ஒன்று இருக்கிறது. காலையில் எல்லாம் ஓடும், பத்து மணிக்கு மேல் மூன்றாவது கணினி மட்டும் ‘அதிகபட்ச இணைப்பு’ என்று முறைக்கும். தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு ஐந்து இணைப்பு வரை திறந்து வைத்துக்கொள்ளும். டவ்கொட் என்ற பரவலான ஐமேப் சேர்வர், ஒரு பயனருக்கு ஒரு ஐபியிலிருந்து பத்து இணைப்பைத்தான் இயல்பாக விடும். மூவைந்து பதினைந்து. அக்கவுண்ட் செட்டிங்ஸ், சேர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய் ஐந்தை இரண்டாக்குங்கள், ஒவ்வொரு கணினியிலும். போனில் பார்க்கிறவர்களுக்கும் இடம் மிஞ்சும்.

அனுப்பும் பக்கத்தில் கவனிக்க வேண்டியது, வெளிச்செல்லும் சேர்வர் பட்டியல் கணக்குகளுக்கு வெளியே தனியாக இருப்பது. அதே கணினியில் யாரோ தன் சொந்த ஜீமெயிலையும் ஏற்றியிருந்து, துறைக் கணக்குக்கு அதன் சேர்வர் தெரிவாகிவிட்டால், துறைத்தலைவரின் கடிதம் அந்த ஆளின் முகவரியிலிருந்து வந்ததாகப் பெறுபவருக்குத் தெரியும். ஜீமெயில் அனுப்புநர் முகவரியை மாற்றிவிடும். வேறு சேர்வர்கள் மாற்றாமல் விட்டாலும், பல்கலைக்கழகத்தின் பெயரில் எந்தச் சேர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் இல்லாத இடத்திலிருந்து போவதால் கடிதம் ஸ்பாமுக்குள் விழும். கணக்கின் முதல் பக்கத்தின் அடியில் ‘அவுட்கோயிங் சேர்வர்’ என்று இருக்கும், அதில் துறைச் சேர்வரின் பெயரைத் தெரிந்துவிடுங்கள்.

அனுப்பிய கடிதம் ‘கொப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பக்கத்தில் சேர்வரின் சென்ட் ஃபோல்டருக்குப் போக வேண்டும், ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ஸுக்கு அல்ல. வெப்மெயில் ‘சென்ட்’ என்றும் போன் ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்றும் இரண்டு ஃபோல்டர் ஆக்கிவைத்திருந்தால் ஒன்றை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள். டொங்கிளில் அனுப்புகிறவர்கள் ஒரு கணக்கு அறிந்திருப்பது நல்லது. இணைப்பு ஃபைல் மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்தாக மாறிப் போவதால் 10 எம்பி சுமார் 13.5 எம்பி ஆகும். அது ஒரு தடவை பெறுபவருக்கு, இன்னொரு தடவை சென்ட் ஃபோல்டருக்கு. பத்து எம்பி வினாத்தாள் ஸ்கான் ஒன்று 27 எம்பி டேட்டா தின்கிறது. ஜீமெயிலின் 25 எம்பி எல்லைக்கும் இதே கணக்கு: ஃபைல் 18 எம்பியைத் தாண்டினால் திரும்பி வந்துவிடக்கூடும்.

தமிழ்க் கடிதம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதும் கை இன்னும் கந்தோர்களில் நிறைய இருக்கிறது. வேர்டில் இருந்து அப்படியே ஒட்டினால் அனுப்புகிறவரின் திரையில் தமிழ்தான், பெறுபவரின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. கடிதத்தின் விடயத் தலைப்புக்கு எழுத்துருவே கிடையாது, ஆகவே அங்கே பாமினி யாருக்குமே வாசிக்காது, அனுப்புகிறவருக்கும்தான். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள், அல்லது கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி இணைத்து, தலைப்பை மட்டுமாவது யூனிகோடில் எழுதுங்கள். தண்டர்பேர்டில் யூனிகோட் தமிழ் நுணுகித் தெரிந்தால், எழுத்துரு அமைப்பில் ‘டமில்’ என்ற மொழிக்கு நிர்மலா யூஐ தெரிந்து, அளவை ஒன்றிரண்டு கூட்டுங்கள்.

கடிதத்தை யார் பார்த்தார், யார் பதில் போட வேண்டும் என்பது பொது மெயிலில் ஓயாத தகராறு. ஒருவர் திறந்தால் எல்லாருக்கும் வாசித்ததாகிவிடும், ஐமேப் அப்படித்தான். வாசிக்காததைக் காட்டும் தடித்த எழுத்தை நம்பாமல் டாக் (நிற அடையாளம்) போடுங்கள். தண்டர்பேர்டில் 1 முதல் 5 வரை எண்ணை அமத்தினால் ஐந்து நிறம், சேர்வர் இடம் கொடுத்தால் மற்றக் கணினியிலும் அதே நிறம் தெரியும். ‘4 என்றால் பதில் போக வேண்டும்’ என்று துறைக்குள் பேசி வைத்தால் போதும்.

‘சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ பக்கத்தில் டொங்கிள்காரர்கள் கடைசி 30 நாளை மட்டும் இறக்கச் சொல்லலாம். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, பழைய கடிதங்களை அழிக்கும் தெரிவு ஒன்று மிகவும் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. அது சேர்வரில் இருப்பதையும் சேர்த்து அழிக்கும். ‘டோன்ட் டிலீட் எனி மெசேஜஸ்’ என்பதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். அப்படியே அன்டிவைரஸுக்கு தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை விட்டுவிடச் சொல்லுங்கள். ஒரு ஃபோல்டரின் கடிதமெல்லாம் வழமையாக ஒரே ஃபைலாக இருப்பதால், ஒரு கெட்ட இணைப்பு ஃபைலுக்காக அன்டிவைரஸ் கணினியில் உள்ள முழு இன்பொக்ஸையும் தூக்கி அடைத்துவிடும்.

தலைவர் மாறும் நாளில் பாஸ்வேர்டும் மாற வேண்டும், ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் எல்லாக் கணினியிலும் தண்டர்பேர்டை மூடுங்கள், போன்களிலும் கணக்கை எடுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடைசியாக ஒவ்வொரு கணினியிலும் இணைய இணைப்பைத் துண்டித்து, தண்டர்பேர்டைத் திறந்து, ‘சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்’ பட்டியலில் துறைச் சேர்வரின் இரண்டு வரிகளையும் அழித்து, இணைப்பைக் கொடுத்துப் புதியதை அடியுங்கள். இரண்டு வரி, ஏனென்றால் உள்வருவதற்கு ஒன்று, வெளிச்செல்வதற்கு ஒன்று. இரண்டாவதை மறந்தால் மெயில் வரும், போகாது. மூடாமல் மாற்றினால் மூன்று கணினியும் பழைய பாஸ்வேர்டோடு சேர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கும், ஃபெயில்2பான் இருந்தால் ஐந்தாவது தட்டில் மாடி முழுக்கப் பூட்டு விழும்.