முப்பதாவது படம்

பழைய வீடியோ கேம் கருவியில் செகண்ட் ஹேண்ட் கேட்ரிட்ஜ் (ஆட்டம் அடங்கிய பெட்டி) ஒன்றைச் சொருகியதும் நான் முதலில் தேடுவது பழைய ஆளின் சேவ் ஃபைலைத்தான், அதாவது அவன் பாதியில் சேமித்து வைத்துப்போன ஆட்டத்தை. யாரோ ஒரு பொடியன் கடைசி வில்லனின் வாசல் வரை போய் நின்றிருப்பான். பெயர் கேட்ட இடத்தில் பொறுமையில்லாமல் ஒரே எழுத்தை நான்கு தரம் தட்டியிருப்பான். அதை அழித்துவிட்டு என் ஆட்டத்தைத் தொடங்க எனக்குக் கை வராது. இந்தக் கிறுக்குத்தனத்தால் ஆடாமலே அடுக்கி வைத்திருக்கும் கேட்ரிட்ஜ்கள் சில உண்டு.

அப்படிப்பட்டவன் கையில்தான் போன வருஷம் ஒரு கேம் பாய் கேமரா வந்து சிக்கியது.

தெரியாதவர்களுக்கு: கேம் பாய் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியில் சொருகிப் படமெடுக்க, 1998இல் நிண்டெண்டோ வெளியிட்ட சாதனம் இது. பார்க்க கேட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், தலையில் மட்டும் கண்விழி போல ஓர் உருண்டை. அதைத் திருப்பினால் எதிரே இருப்பதையும் எடுக்கலாம், நம் மூஞ்சியையும் எடுக்கலாம். படம் அகலத்தில் 128 புள்ளி, உயரத்தில் 112. பெருக்கிப் பார்த்தால் 14,336. அலமாரியில் தூங்கும் என் 24 மெகாபிக்சல் கேமரா ஒரே படத்தில் இதைப்போல 1,600 மடங்குக்கு மேல் வாரிக்கொள்ளும். நிறமும் நான்கே சாயல்: கறுப்பு, வெள்ளை, நடுவில் இரண்டு சாம்பல். மீதியை எல்லாம் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்து ஒப்பேற்றிவிடுகிறது.

வந்ததும் முதல் வேலை சுத்தம். கேட்ரிட்ஜுக்குள் வாயால் ஊதும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருந்தது. அதை விட்டுவிடுங்கள், எச்சில் ஈரத்தில் கேட்ரிட்ஜின் பித்தளை நிற உலோகப் பற்கள் கறுத்துப்போகும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்தேன். நாலாவது பட்ஸில்தான் கறுப்பு வருவது நின்றது. சொருகி ஆன் செய்தேன். ஆல்பத்தில் முப்பது படத்துக்குத்தான் இடம். முப்பதும் நிரம்பியிருந்தன.

ஒரு ஷூ. ஒரு மேஜை விளக்கு. கட்டைவிரல் பாதி மறைத்த ஜன்னல். அதே ஜன்னல் மறுபடியும், இந்த முறை விரல் இல்லாமல் (கற்றுக்கொண்டிருக்கிறான் பாருங்கள்). நகர்ந்ததால் புகையாகிப்போன ஒரு பூனை. கண்ணாடி முன் நின்று எடுத்த ஒன்றில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேம் பாய். இந்தச் சாதனத்துக்குள் கடிகாரம் கிடையாது, அதனால் எந்தப் படத்திலும் தேதி இல்லை. எடுத்தது பையனா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. ‘கிறான்’ என்று எழுதியது என் பழக்கதோஷம்.

சரி, இனி நான் ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் இதில் ஒன்றை அழித்தாக வேண்டும். மூன்று வாரம் சும்மா வைத்திருந்தேன்.

கடைசியில் என்னைக் கிளப்பியது பேட்டரி பயம். இந்தப் படங்கள் உயிரோடிருப்பதே உள்ளே பலகையில் பற்றவைத்திருக்கும் ஒரு பொத்தான் பேட்டரியின் தயவில்தான். அது தீர்ந்தால் முப்பதும் போச்சு. மாற்றக் கழற்றினாலும் போச்சு. முன்பு ஒரு கேட்ரிட்ஜில் நாற்பது மணி நேர ஆட்டத்தை இப்படிப் பறிகொடுத்திருக்கிறேன். அதனால் கேட்ரிட்ஜ் ரீடர் ஒன்று வாங்கி, கம்ப்யூட்டரில் செருகி, முப்பதையும் நகலெடுத்து வைத்தேன். அப்புறம்தான் அழிக்கத் துணிவு வந்தது.

இதில் படமெடுப்பது தனி வித்தை. இருட்டானால் திரையில் காட்சி இழுத்து இழுத்து வரும். கை ஆடினால் எல்லாம் கஞ்சி. போதாததற்கு என் கேம் பாயில் திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. படத்துக்கும் வெளிச்சம் வேண்டும், அதைப் பார்க்கவும் வெளிச்சம் வேண்டும். ஆக, வீட்டில் எந்த மூலையில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்பது இப்போது எனக்கு அத்துப்படி. பெரிய கேமராவில் இதை நான் கவனித்ததே இல்லை, அதுதான் எல்லாவற்றையும் சமாளித்துவிடுமே. இதற்கோ பக்கவாட்டில் வெளிச்சம் விழ வேண்டும், நிழல் அழுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முகமும் சுவரும் ஒரே சாம்பல். இதுவரை எடுத்ததில் எனக்குப் பிடித்தது படிக்கட்டுதான்: ஒரு படி வெள்ளை, ஒரு படி கறுப்பு என்று ஹார்மோனியக் கட்டை மாதிரி விழுந்திருக்கிறது.

போன வாரம் ஆல்பம் மறுபடி நிரம்பியது. இருபத்தொன்பது என்னுடையவை. புகைப்பூனையை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. நகல் பத்திரமாக இருக்கிறது, தெரியும். இருந்தாலும்.