ஆறு பென்ஸ் புத்தகம்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

நவம்பர் 1, சனி

பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய நூல் லண்டனில் வெளியானது 1790-இல் இதே நாளில். ஓராண்டுக்கு முன் ரிச்சர்ட் பிரைஸ் என்ற மதபோதகர், மன்னரைத் தேர்ந்தெடுக்கவும் தவறு செய்தால் நீக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று பிரசங்கம் செய்திருந்தார். அதற்கான மறுப்பாகத் தொடங்கியது 350 பக்கங்களைத் தாண்டிவிட்டது. அந்தப் பருமனிலும் அதைத் துண்டுப்பிரசுரம் என்றே அன்றைக்குக் கருதினார்கள். சுடச்சுட எழுதப்பட்டு, சுடச்சுடப் பதில் பெறுவதற்காக வந்தது என்பதுதான் காரணம்.

முதல் பதில் அந்த மாதம் முடிவதற்குள் வந்தது. எழுதியவர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், அப்போது வயது 31. அவர் எழுத எழுத, பதிப்பாளர் ஜோசப் ஜான்சன் தாள்களை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பாதியில் மேரிக்கு மனம் சோர்ந்துவிட்டது. ஜான்சன் வற்புறுத்தவில்லை; வேண்டாமென்றால் அச்சான தாள்களைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். அந்த வார்த்தை சுருக்கென்று தைக்க, மேரி வீட்டுக்குப் போய் மிச்சத்தை எழுதி முடித்தார். முதல் பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. சில வாரங்களில் வந்த இரண்டாம் பதிப்பில் பெண்ணின் பெயர் இருந்தது. அந்தத் துணிச்சலை நான் மனமார வணங்குகிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று முழுவதும் தாமஸ் பெயின். தெட்ஃபோர்டில் பிறந்தவர். பெண்களின் உள்ளுடைக் கச்சு தைப்பது குலத்தொழில். கலால் வரி அலுவலராக வேலை பார்த்து அந்த வேலையையும் இழந்தவர். பர்க்குக்கு அவர் எழுதிய பதிலான ‘மனித உரிமைகள்’ முதல் பாகத்தை ஜான்சன்தான் 1791 பிப்ரவரியில் வெளியிடுவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவர் பின்வாங்கினார். ஃப்ளீட் தெருவில் ஜோர்டன் என்பவர் துணிந்து மார்ச்சில் வெளியிட்டார். விலை 3 ஷில்லிங் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு).

அன்றைய விவசாயக் கூலியின் வாரச் சம்பளம் பல மாவட்டங்களில் 8, 9 ஷில்லிங்தான். அதில் மூன்றில் ஒரு பங்கைப் புத்தகத்துக்குக் கொடுக்க யாரால் முடியும்? அரசும் அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். முதல் பாகத்தின்மேல் வழக்கில்லை. 1792 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் வந்தது. மலிவுப் பதிப்பு 6 பென்ஸுக்கு வரப்போகிறது என்றதும் காற்று திசை மாறியது. மே 21 அன்று, தேசத்துரோக எழுத்துகளுக்கு எதிராக மன்னரின் பிரகடனம் வெளியானது.

இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை மெதுவாகப் படித்தேன். கோபமான வாசகங்களை எதிர்பார்த்து வருபவரை அங்கே கணக்கு வரவேற்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 4 பவுண்டு. 50 வயது கடந்த ஏழைகளுக்கு 6 பவுண்டு, 60 கடந்தவர்களுக்கு 10 பவுண்டு. அது பிச்சை இல்லை, வாழ்நாளெல்லாம் அவர்கள் கட்டிய வரிக்கான உரிமை என்று அழுத்திச் சொல்கிறார். வரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றும் கூட்டிக் கழித்துக் காட்டுகிறார். அதிகாரம் நடுங்கியது இந்தப் பக்கங்களைக் கண்டுதான் என்று நினைக்கிறேன். மன்னராட்சியைத் திட்டினால் தண்டித்துவிடலாம். கிழவிக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு தர முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் என்ன பதில் சொல்வது?

நவம்பர் 3, திங்கள்

இரண்டாம் பாகத்துக்கான வழக்கு நடந்தது 1792 டிசம்பர் 18, லண்டன் கில்டுஹாலில். பெயின் செப்டம்பரிலேயே பிரான்சுக்குப் போய்விட்டார். பிரதிவாதி இல்லாமலே விசாரணை. அட்டர்னி ஜெனரல் மெக்டொனால்ட் பேசியதைப் பதிவில் படித்ததும் எழுந்து கொஞ்ச நேரம் நடக்க வேண்டியிருந்தது.

அவர் ஒளிவுமறைவே இல்லாமல் சொல்லிவிடுகிறார். முதல் பாகமும் கண்டிக்கத்தக்கதுதான். ஆனால் விவேகமுள்ள வாசகர்களோடு நின்றுவிடும், படிக்கும்போதே அவர்கள் மறுத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டாராம். அடுத்ததோ எல்லா வடிவிலும் எல்லா அளவிலும் எல்லாத் தரப்பார் கையிலும் திணிக்கப்பட்டது. குழந்தைகளின் மிட்டாயைக்கூட அதன் தாளில்தான் மடித்துக் கொடுத்தார்களாம்.

மிட்டாய் மடித்த தாள்! அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டாகச் சொன்னது இது. ஒரு கருத்து பணக்காரன் வீட்டு அலமாரியில் இருந்தால் தத்துவம், தெருமுனைக் கடைக்கு வந்தால் குற்றம். இவ்வளவு வெளிப்படையான ஒப்புதலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மறு ஆண்டு வில்லியம் காட்வின் இதைவிடத் தீவிரமான நூலை 1 பவுண்டு 16 ஷில்லிங் விலையில் வெளியிட்டார். அவர்மேல் வழக்கே இல்லை.

பெயினுக்காக வாதாடியவர் தாமஸ் எர்ஸ்கின். பல மணி நேரம் பேசினார். அவர் முடித்ததும், அரசுத் தரப்பு பதில் சொல்லத் தேவையில்லை என்று ஜூரிகளே தடுத்துவிட்டு ‘குற்றவாளி’ என்றார்கள். இந்த வழக்கை ஏற்றதற்காக, வேல்ஸ் இளவரசரின் அட்டர்னி ஜெனரல் பதவியை எர்ஸ்கின் இழந்தார். வெளியே காத்திருந்த கூட்டம் அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துப் போனது.

நவம்பர் 4, செவ்வாய்

பர்க்கை வில்லனாக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி 1785 பிப்ரவரியில் அவர் நாடாளுமன்றத்தில் பேசியது அதே ஆண்டு பிரசுரமாகவும் வந்தது. பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனிக்காரர்கள் நவாபுக்குக் கொடுத்ததாகச் சொன்ன கடன், அதற்கு வட்டிமேல் வட்டி, அதைக் கட்டுவதற்காகத் தஞ்சாவூர்மீது படையெடுப்பு என்று ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். 1780-இல் ஹைதர் அலி, ஆற்காட்டு நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதிக்குள் புகுந்த பிறகு, ஆங்கிலப் படை நூற்றுக்கணக்கான மைல் நடந்தும் ஓர் ஆணையோ பெண்ணையோ குழந்தையையோ நாற்கால் பிராணியையோ காணவில்லை என்கிறார். தஞ்சைத் தெருக்களில் நாள்தோறும் பசியால் விழுந்தவர்களைப் பற்றிப் பேசுகிறார். நம் ஊர்ப் பஞ்சத்துக்காக அந்த அவையில் இப்படிக் குரல் எழுப்பியவர் வேறு யார்?

அதே மனிதர்தான் ஐந்தாண்டுக்குப் பின், கல்வியெல்லாம் ‘பன்றிக் கூட்டத்தின்’ குளம்படியில் மிதிபடப் போகிறது என்று எழுதினார். துன்பப்படுபவர்களுக்காக அவர் பேசத் தயார். துன்பப்படுபவர்களே வாய் திறந்தால் அவருக்குப் பொறுக்கவில்லை. அவரை எப்படி வாசித்தாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

நவம்பர் 5, புதன்

ராஜதுரோக வழக்கிலிருந்து தாமஸ் ஹார்டி விடுதலையானது 1794-இல் இதே நாளில். செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1792 ஜனவரியில் ஸ்ட்ராண்டு அருகே ஒரு மதுக்கடையில் சில நண்பர்களோடு, நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்ட லண்டன் தொடர்புச் சங்கத்தைத் தொடங்கினார். வாரச் சந்தா ஒரு பென்னி. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்பது முதல் விதி. அதுவரை அரசியல் என்பது வரம்புள்ள சிலரின் தொழிலாக இருந்தது.

அவர் மனைவி லிடியா 1792 ஏப்ரலில் செஷம் ஊரிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல். சங்கம் எப்படிப் போகிறது, அடிமை வணிகத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். இந்த ஊரில் சர்க்கரை போட்டுத் தேநீர் குடிப்பவர்களைவிடப் போடாமல் குடிப்பவர்களே அதிகம் என்று தோன்றுகிறது என்கிறார். மேற்கிந்தியச் சர்க்கரையைப் புறக்கணிக்கச் சொல்லி வில்லியம் ஃபாக்ஸ் 1791-இல் வெளியிட்ட மலிவான சிறுபிரசுரம் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. ஒரு பிரசுரம் ஊருக்குள் போய் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஒரு வரி எனக்குப் போதும். அந்த ஆண்டு ஹார்டி வீட்டில் குடியிருந்தவர், அடிமையாக விற்கப்பட்டு மீண்ட ஒலாடா எக்வியானோ. தன் வரலாற்றைத் திருத்தும் வேலையில் இருந்தார்.

1794 மே 12 விடியற்காலையில் ஹார்டியைக் கைது செய்தார்கள். வீட்டிலிருந்த காகிதங்களை அள்ளிப் போனார்கள். ஜூனில் கடற்போர் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது ஒரு கும்பல் வீட்டைத் தாக்கியது. கர்ப்பிணியான லிடியா பின்பக்கச் சன்னல் வழியாகத் தப்பினார். ஆகஸ்டில் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. ராஜதுரோகக் குற்றம் நிரூபணமானால் தூக்கிலிட்டு உடலைத் துண்டாடும் தண்டனை. அட்டர்னி ஜெனரல் ஜான் ஸ்காட் ஒன்பது மணி நேரம் பேசியும் ஜூரிகள் ஹார்டியை விடுவித்தார்கள்.

நவம்பர் 8, சனி

எதிர்த்தரப்பும் பாடம் கற்றுக்கொண்டது. ஹன்னா மோர் 1792-இல் கொல்லனும் கொத்தனும் உரையாடுவதாக, பெயினுக்கு எதிராக ஒரு பிரசுரம் எழுதினார். 1795 மார்ச்சிலிருந்து அரை பென்னி, ஒரு பென்னி விலையில் வரிசையாகக் கதைகளும் பாட்டுகளும் வந்தன. தெருவில் விற்கும் மலிவுப் புத்தகத்தைப் போலவே மரக்கட்டைப் படம், அதே தாள். ஓராண்டுக்குள் 20 லட்சம் பிரதிகள். பெரும்பகுதியைச் செல்வந்தர்கள் மொத்தமாக வாங்கி ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். கதைகள் சில நன்றாகவே இருக்கின்றன. பசித்தவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் இடம் வரும்போதெல்லாம் என் ரத்தம் கொதிக்கிறது.

பர்க்கின் வசைச்சொல்லையே பட்டமாக்கிக்கொண்டவர்களைப் படித்தபோது மனம் தேறியது. தாமஸ் ஸ்பென்ஸ் தன் ஒரு பென்னி வார இதழுக்குப் ‘பன்றித் தீனி’ என்று பெயர் வைத்தார். டேனியல் ஈட்டன் தன் இதழில் ஒரு கொடுங்கோல் சேவலின் தலை வெட்டப்பட்ட கதையை அச்சிட்டார். சேவல் என்றால் மன்னர் என்று அரசு வழக்குத் தொடுத்தது. அப்படிப் பொருள் கொள்வதே மன்னருக்கு அவமதிப்பு என்றது ஈட்டன் தரப்பு. 1794 பிப்ரவரியில் விடுதலை. ஈட்டன் கடைக்கே ‘சேவலும் பன்றியும்’ என்று பெயரிட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

1795-க்குப் பின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த ஆண்டு இறுதியில் கூட்டத்துக்கும் பேச்சுக்கும் தடைச் சட்டங்கள். 1797-இல் செய்தித்தாள் பிரதி ஒன்றுக்கு முத்திரை வரி மூன்றரை பென்ஸ். 1799-இல் அச்சு இயந்திரம் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், தாளில் அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தொடர்புச் சங்கம் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டது. பெயினை வெளியிடத் தயங்கிய ஜான்சன், கில்பர்ட் வேக்ஃபீல்டின் பிரசுரத்தை விற்றதற்காக ஆறு மாதம் சிறையிலிருந்தார். வேக்ஃபீல்டுக்கு இரண்டு ஆண்டு. வெளியே வந்த 1801-லேயே காய்ச்சலில் இறந்தார்.

அடுத்து இதழாசிரியர் வில்லியம் காபெட்டை எடுக்கிறேன். 1816 நவம்பரில் அவர் தன் இதழிலிருந்து செய்தியை நீக்கி, கருத்தை மட்டும் ஒற்றைத் தாளில் அச்சிட்டு, முத்திரை வரியில்லாமல் 2 பென்ஸுக்கு விற்றார். எதிரிகள் அதை ‘இரண்டு பென்ஸ் குப்பை’ என்றார்கள். 1819 டிசம்பரில் வந்த சட்டம், அடிக்கடி வெளியாகும் அரசியல் இதழ் 6 பென்ஸுக்குக் குறைந்த விலையில் விற்றால் அதற்கும் செய்தித்தாளின் முழு முத்திரை வரி என்றது. மெக்டொனால்ட் சொல்லாமல் சொன்ன விலையை இந்த முறை நாடாளுமன்றமே எழுத்தில் வைத்துவிட்டது.