வில்லிஸ் ஜீப்புக்கு இன்ஜின் இறக்குன அன்னிக்கு

சாயங்காலம் ஆறு மணி இருக்கும், இன்ஜின் செயின் பிளாக்ல, அதான் சங்கிலி இழுத்து பாரம் தூக்குற கப்பில, தொங்கிட்டு இருக்கு, கியர் பாக்ஸ் வண்டிக்கு அடியில ஜாக்கி மேல உக்காந்திருக்கு, ரெண்டும் ஒண்ணா சேரணும், ஆனா நடுவுல ஒரு விரல் அகலத்துக்கு சந்து. மத்தியானம் மூணு மணியிலருந்து அந்த ஒரு விரல் அப்படியேதான் இருந்துச்சு. ஆட்டிப் பாத்தோம், தள்ளிப் பாத்தோம், நான் ஃபேன் புல்லி பக்கம் நின்னு நெஞ்ச குடுத்து அழுத்திப் பாத்தேன், அசையல. ஹெல்ப்பர் பையன் "நீள போல்ட் நாலு போட்டு சுத்தியும் இறுக்கி இழுத்துரலாம்ணா"ன்னு சொன்னான், எனக்கும் அந்த நேரத்துல அதுதான் வழின்னு தோணுச்சு. மேஸ்திரி மட்டும் வண்டிக்கு அடியில படுத்தவர் வெளிய வரவே இல்ல, டார்ச்ச அடிச்சு பாத்துக்கிட்டே இருந்தார்.

வண்டி 1943ல செஞ்ச வில்லிஸ் எம்.பி. ரெண்டாம் உலகப் போர் ஜீப். 1941லருந்து 1945க்குள்ள வில்லிஸ் கம்பெனி அமெரிக்காவுல டொலிடோ ஊர்ல மூணரை லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, அது பத்தலன்னு அதே டிசைன்ல ஃபோர்டும் ரெண்டே முக்கால் லட்சத்துக்கு மேல செஞ்சு குடுத்தாங்க, அதுக்குப் பேரு ஜி.பி.டபிள்யூ. ரெண்டும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆனா ரேடியேட்டருக்கு கீழ குனிஞ்சு சேசிஸ், அதான் வண்டியோட அடிச்சட்டம், பாத்தீங்கன்னா முன்னாடி குறுக்க போற கிராஸ் மெம்பர் வில்லிஸ்ல உருண்ட பைப்பு, ஃபோர்டுல கவுத்துப் போட்ட 'ப' மாதிரி இருக்கும். ஃபோர்டு காரங்க போல்ட் தலையில கூட 'எஃப்'னு அச்சு அடிச்சிருப்பாங்க. எங்ககிட்ட வந்தது பைப்பு இருக்குற வண்டி, ஆனா அங்கங்க எஃப் போல்ட்டும் இருந்துச்சு, அத்தன வருசத்துல எத்தன கை பட்டுச்சோ.

பல வருசம் மலையில எஸ்டேட்டுக்குள்ள ஓடுன வண்டி அது. நடுவுல யாரோ பெட்ரோல் இன்ஜின கழட்டிட்டு டீசல் இன்ஜின் ஏத்தியிருந்தாங்க, நம்ம ஊர்ல முக்காவாசி பழைய ஜீப்புக்கு நடந்த கதைதான். அவங்கள நான் குத்தம் சொல்லமாட்டேன், பெட்ரோல் போட்டு கட்டுப்படி ஆகாம இருந்திருக்கும். ஆனா அந்த கனமான டீசல் இன்ஜின தாங்கித் தாங்கி முன்பக்க ஸ்பிரிங் பட்டையெல்லாம் நிமுந்து போயி, சேசிஸ்ல இன்ஜின் உக்கார்ற மவுண்ட்டுக்காக கேஸ் கட்டர் வச்சு வெட்டி வெல்டு பண்ணி, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. இப்ப இருக்குற ஓனர், இந்த வண்டிக்குன்னு பொறந்த இன்ஜின்தான் வேணும்னு தேடி, 2199 சி.சி., 60 குதிரை சக்தி, நாலு சிலிண்டர், வால்வு எல்லாம் பக்கவாட்டுல பிளாக்குக்குள்ளயே இருக்குற 'கோ டெவில்' இன்ஜின் ஒண்ணு புடிச்சுட்டு வந்துட்டார். அத பிரிச்சு, தேஞ்ச சிலிண்டர கடைஞ்சு போர் பண்ணி, பேரிங் மாத்தி, சேர்த்து முடிக்கவே எங்களுக்கு நாலு மாசம்.

இந்த வேலைக்கு நான் வந்த புதுசுல பலம்தான் முக்கியம்னு நெனச்சுட்டு இருந்தேன். பத்தொம்பது வயசு, எதையும் தூக்குவேன். முன் ஆக்ஸில் ஒண்ண சேசிஸுக்கு அடியில ஏத்தணும், நான் நடுவுல ஜாக்கி வச்சு ஏத்துனேன். முழம் ஒசரம் போறதுக்குள்ள வலது பக்கமா சாஞ்சு தடால்னு விழுந்துச்சு, என் கால் அரை அடி தள்ளி இருந்ததால தப்பிச்சேன். இந்த ஜீப்புல முன் பின் ரெண்டு ஆக்ஸிலுக்கும் சக்திய பிரிச்சு விடுற ட்ரான்ஸ்ஃபர் கேஸ்லருந்து சக்தி வலது பக்கமாதான் வெளிய வரும், அதனால ஆக்ஸில்ல பல்சக்கரம் இருக்குற உருண்டையான டிஃபரென்ஷியல் முட்டையும் நடுவுல இருக்காது, வலது பக்கம் ஒதுங்கி இருக்கும், கனம் பூரா அங்கதான். டேப் வச்சு அளந்தா வர்ற நடு வேற, எட நிக்கிற நடு வேற. அன்னிக்கு மேஸ்திரி திட்டல, விழுந்து கெடந்த ஆக்ஸிலுக்கு அடியில ஒரு கம்பிய குடுத்து கொஞ்சம் கொஞ்சமா நகத்தி, எந்த இடத்துல அது தராசு மாதிரி நிக்குதுன்னு காட்டி, அங்க சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டார். இப்பவும் எந்த ஆக்ஸில் வந்தாலும் நான் மொதல்ல அந்தக் கோட்டத்தான் தேடுவேன்.

இன்ஜின் தூக்குறதும் அதே கணக்குதான். இன்ஜின் மேல்மூடிய புடிக்கிற மரை கம்பியான ஹெட் ஸ்டட்ல ரெண்டு எடத்துல பட்டை போட்டு, அதுல சங்கிலி மாட்டி, மேல ஒரு கொக்கி. சங்கிலி நீளமா இருந்தா நல்லது, குட்டையா இருந்தா ரெண்டு காலும் அகலமா விரியும், விரிய விரிய ஒவ்வொரு காலும் இழுக்குற பாரம் ஏறும். ரெண்டு காலுக்கும் நடுவுல 120 டிகிரி வந்துருச்சுன்னா ஒவ்வொரு காலும் தனித்தனியா முழு எடையவும் தாங்குற கணக்கு, ரெண்டு கால் போட்டதுக்கு அர்த்தமே இல்ல. கூடவே ஸ்டட்ட உள் பக்கமா வளைக்கவும் செய்யும். எண்பது வருசத்து வார்ப்பு இரும்பு பிளாக், அதுல ஒரு ஸ்டட் மரை போச்சுன்னா லேத்துக்கு ஓடணும், நாலு மாச வேலை திரும்ப முதல்லருந்து. ஒரு டன் செயின் பிளாக் இருக்கேன்னு தைரியமா இருப்பாங்க, பிளாக் தாங்கும், அது தொங்குற உத்தரம் தாங்குமான்னு யாரும் பாக்குறதில்ல. ஓட்டுக் கொட்டாயில பனங்கையில செயின் பிளாக்க கட்டி இன்ஜின் தூக்குறத நானே பாத்திருக்கேன், இன்னும் நெனச்சா கை நடுங்குது.

நீள போல்ட் போட்டு இழுக்குற விசயத்துக்கு வரேன். மேஸ்திரி ஏன் ஒத்துக்கலன்னா அவர் முன்ன வேலை பாத்த எடத்துல அப்படி இழுத்து, கியர் பாக்ஸ்ல போல்ட் மாட்டுற காது ஒண்ணு டப்புனு ஒடஞ்சுருக்கு. ஒடைஞ்சது மட்டும் இல்ல, அந்தத் துண்டு தெறிச்ச அதிர்ச்சியில ஜாக்கி நழுவி, சந்துல கை வச்சிருந்த பையனுக்கு ஆள்காட்டி விரல் நுனி போயிருச்சு. பதினாறு பதினேழு வயசுப் பையன். அத அவர் எங்ககிட்ட ஒரே ஒரு தடவதான் சொல்லியிருக்கார், சொல்லும்போது தன்னோட விரல தேச்சுக்கிட்டே இருந்தார். எங்க பட்டறையில ரெண்டு பாகம் சேருற சந்துல யாரும் விரல விடக்கூடாது, ஓட்டை நேரா இருக்கான்னு விரல் விட்டு தடவிப் பாக்கவே கூடாது, அதுக்கு கம்பியோ ட்ரில் பிட்டோ வைக்கணும், இது அவர் போட்ட சட்டம். பேரிங், கேஸ்கட் எதுலயும் விட்டுக்குடுப்பார், இதுல மட்டும் விடமாட்டார்.

கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் முன்னாடி வந்து, கிளட்ச் பிளேட் நடுவுல இருக்குற பல்லுக்குள்ள நுழைஞ்சு, அதையும் தாண்டி அதோட மெல்லிசான மூக்கு கிராங்க் ஷாஃப்ட் பின்னாடி இருக்குற சின்ன பித்தளை புஷ்ஷுக்குள்ள போய் உக்காரணும். மூணும் ஒரே கோட்டுல இருந்தா தானா போகும். கிளட்ச் பிளேட்ட நாங்க பழைய ஷாஃப்ட் ஒண்ண விட்டு சென்டர் பண்ணித்தான் இறுக்கியிருந்தோம், அதுல சந்தேகம் இல்ல. அப்படியும் போகாதப்ப போல்ட்ட இறுக்குனா என்ன ஆகும், கியர் பாக்ஸ் எடை பூரா அந்த பிளேட் மேல தொங்கும், பிளேட் நடு வளைஞ்சுரும், வெளிய இருந்து பாத்தா எல்லாம் சேந்த மாதிரி இருக்கும், வண்டி ஓட்டும்போது கிளட்ச் விடாது.

மேஸ்திரி கீழ இருந்து "கண்ணு, ட்ரில் பிட் பெட்டிய எடு"ன்னு கேட்டார். மேல்பக்க சந்துல 14 எம்.எம். பிட்ட வச்சார், போச்சு. கீழ்ப்பக்கம் 14 போகல, 11தான் போச்சு. மூணு எம்.எம். வித்தியாசம், எங்க கண்ணுக்கு நாலு பக்கமும் ஒரே சந்தாத்தான் தெரிஞ்சுது. "மூக்கு மேல பாக்குதுடா"ன்னு மட்டும் சொன்னார். நாங்க ஜாக்கிய கொஞ்சம் தூக்கலா வச்சுட்டோம், பின்னாடி மவுண்ட்ல மாட்டியிருக்கிற கியர் பாக்ஸ் முன்பக்கம் நிமுந்து வானத்தப் பாத்துட்டு இருந்திருக்கு, மூணு மணி நேரமா நாங்க அத கோணலா வச்சே முட்டிட்டு இருந்திருக்கோம்.

ஜாக்கி கைப்புடிய அரை சுத்து எறக்குனார். திரும்ப பிட் வச்சார், இன்னும் கொஞ்சம், மேல கீழ ரெண்டும் 12ல நின்னுச்சு. அப்புறம் என்னைய பின்னாடி போகச் சொன்னார். இந்த ஜீப்புல ஹேண்ட் பிரேக் ட்ரம் சக்கரத்துல இல்ல, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடியே இருக்கு, கியர்ல போட்டுட்டு அந்த ட்ரம்ம கையில திருப்புனா உள்ள இன்புட் ஷாஃப்ட் சேந்து சுத்தும், பல்லுக்குப் பல்லு தேடிப் போய் உக்காரும். நான் ட்ரம்ம மெதுவா திருப்ப, பையன் இன்ஜின் முன்பக்கத்த சும்மா ஒரு கையால புடிச்சுட்டு நின்னான், தள்ளக்கூட இல்ல. க்ளக்னு ஒரு சின்ன சத்தம், அப்புறம் கெட்டியான கிரீஸ்ல வழுக்குற மாதிரி அந்த ஒரு விரல் சந்து மூடிக்கிச்சு. மூணு மணியிலருந்து மூணு ஆம்பளைங்க முட்டி முட்டி வராதது. நாலு போல்ட்டும் கையாலயே கடைசி மரை வரைக்கும் திருகிப் போச்சு, ஸ்பேனர் அதுக்கப்புறம்தான்.

மவுண்ட் போல்ட்ட போட்டு முடிச்சும் செயின உடனே கழட்டல. மேஸ்திரி என்கிட்ட குடுத்து நீயே எறக்குன்னார். ஒவ்வொரு கண்ணியா விட்டேன். முன்பக்க ரெண்டு ரப்பர் மவுண்ட்டும் கொஞ்சம் அமுங்குச்சு, புது ஸ்பிரிங் பட்டை கிரீச்னு ஒரு சத்தம் போட்டுச்சு, வண்டி மூக்கு ரெண்டு விரக்கடை கீழ எறங்கி நின்னுச்சு. அப்புறம் செயின் தொளதொளன்னு ஆயிருச்சு, கொக்கிய கையில எடுத்தேன், எடையே இல்ல. பையன் லைட்ட அணைக்கப் போனான், இருடா, இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்னு சொன்னேன்.